தாய்மார் ஏன் செய்கிறார்கள்?
பெண் பிள்ளைகளின் கத்னா பற்றி ஒரு பாடம்

மண்சரிவாலும் போராலும் ஊரை விட்டு வந்தவர்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது, அடுத்த வீட்டு வழக்கங்கள் பேச்சில் வருகின்றன. அந்தப் பேச்சு ஏளனமாகவும் போகலாம், உதவியாகவும் அமையலாம். எனவே பெண்கள் வெளியே சொல்லத் தயங்கும் ஒரு விடயத்தை இம்முறை எடுத்துக்கொள்கிறோம்.

வழக்கம் என்ன?

இலங்கையில் சோனக, மலாய் குடும்பங்கள் சிலவற்றில், பெண் குழந்தை பிறந்து ஏறக்குறைய 40ஆம் நாளில் கத்னா செய்யப்படுகிறது. ஒஸ்தா மாமி எனப்படும் பெண் வீட்டுக்கு வந்து, பெண் உறுப்பின் மேல்முனையிலுள்ள உணர்ச்சி மிகுந்த சிறு மொட்டை அல்லது அதன் மேல்தோலை பிளேட்டினால் கீறுகிறார். சிலவேளை சிறிது வெட்டுகிறார். ஆபிரிக்க நாடுகள் சிலவற்றில் வெட்டு மிகப் பெரியது. உலகில் 23 கோடிக்கு மேற்பட்ட பெண்கள் இதற்கு ஆளானவர்கள் என்று 2024இல் யுனிசெப் கணக்கிட்டது.

தாய்மார் சொல்லும் காரணங்கள்

1. "மார்க்கக் கடமை." அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா 2008இல் இதைக் கடமை என்றது. எகிப்திலோ, 2007இல் ஒரு சிறுமி இறந்தபின், அல்அஸ்ஹர் அறிஞர் சபை இதற்கு மார்க்க ஆதாரமில்லை என்றது. அந்நாட்டுக் கிறிஸ்தவர்களிடமும் இவ்வழக்கம் இருந்து வந்துள்ளது.

2. "சுத்தம்." உடலைச் சுத்தமாக வைக்கத் தண்ணீர் போதும். வெட்டினால் உடல்நலப் பயன் எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

3. "ஆசை அடங்கும், பிள்ளை ஒழுக்கமாக இருப்பாள்." ஒழுக்கம் வளர்ப்பில் வருவது, பிளேட்டில் வருவதல்ல.

4. "எங்களுக்கும் செய்தார்கள். சின்னக் கீறல்தானே?" 40 நாள் குழந்தையின் உறுப்பு மிகச் சிறியது. கை சற்று அசைந்தாலும் வெட்டு ஆழமாகிவிடும். இரத்தப்போக்கு, கிருமித்தொற்று, தழும்பு, பிற்காலத்தில் தாம்பத்தியத்தில் வலி ஆகியவை ஏற்படக்கூடும்.

இக்காரணங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பிள்ளைமீதுள்ள அன்பும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சும் பயமுமே. நாமும் வயதுக்கு வந்த பிள்ளையைத் தனி மூலையில் வைத்து, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கிறோம், பாடசாலையையும் நிறுத்துகிறோம். கேட்டால், "அம்மா செய்தாள்" என்கிறோம்.

தடையா, பேச்சா?

கென்யாவின் மேரு மாவட்டத்தில் 1956இல் இவ்வழக்கம் தடைசெய்யப்பட்டது. கோபங்கொண்ட சிறுமிகள் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள். செனகலின் மலிகுண்டா பம்பரா கிராமத்தில் நடந்தது வேறு. அங்கே பெண்கள் வகுப்பில் கூடி உடல்நலம் படித்தார்கள். 1997இல் தாங்களாகவே இதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். பின்னர் பல கிராமங்கள் அவர்களைப் பின்பற்றின. ஒரு வீடு தனியே விட்டால் பழிச்சொல் வரும். ஊரே சேர்ந்து விட்டால் பழி சொல்ல ஆளிருக்காது.

நம் நாட்டிலும் 2017இல் முஸ்லிம் பெண்களே பாராளுமன்றக் குழுவிடம் இதை எடுத்துச் சொன்னார்கள். 2018இல் வைத்தியர்கள் இதைச் செய்யக்கூடாதென சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட்டது. ஆனால் வீட்டுக்குள் நடப்பதைச் சுற்றறிக்கை எட்டாது. அதை எட்டக்கூடியவர்கள் தாய், பாட்டி, மருத்துவமாது ஆகியோரே.

நாம் செய்யக்கூடியவை

அயல்வீட்டுத் தாயைப் பழிக்காமல், முதலில் அவர் சொல்வதைக் கேட்போம். குழந்தைக்கு இரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ வெட்கம் பாராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல உதவுவோம். கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் இதைப் பற்றிக் கேட்போம்.

குழுவில் பேசுவதற்கு

1. நம் வீட்டுச் சடங்குகளில் பிள்ளைக்கு நன்மை தருவது எது? தீமை செய்வது எது?
2. ஒரு வழக்கத்தை விட நினைக்கும் தாய்க்கு யாருடைய துணை வேண்டும்?
3. தந்தையர் இதில் பேசாமல் ஒதுங்கியிருப்பது சரியா?