விளிம்பு தெரியாத நீச்சல் குளம்: கட்டும் முன் கவனிக்க வேண்டியவை

செல்போனில் படம் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூரின் மெரினா பே சாண்ட்ஸ் கட்டடத்தில், 57-வது மாடி உயரத்தில், சுமார் 150 மீட்டர் நீளத்துக்கு ஒரு நீச்சல் குளம். தண்ணீர் அப்படியே நகரத்தின் மேல் கொட்டுவது போலத் தெரியும். உண்மையில் அது வெளியே போவதில்லை. விளிம்புக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அதைப் பிடித்துக்கொள்ளும் தொட்டி இருக்கிறது.

இதைத்தான் இன்ஃபினிட்டி பூல் என்கிறார்கள். இப்போது பண்ணை வீட்டுக்கும் இதைக் கேட்கிறவர்கள் உண்டு. பார்க்க அழகுதான். ஆனா, அளவு தவறினா பணமும் போகும், ஆபத்தும் வரும்.

எப்படி வேலை செய்கிறது?

குளத்தின் ஒரு பக்கச் சுவர் மட்டும் சற்றுத் தாழ்வாக இருக்கும். தண்ணீர் அதன் மேல் மெல்லிசாக வழிந்து, பின்னால் உள்ள தொட்டியில் விழும். மோட்டார் அதை மறுபடியும் குளத்துக்கு ஏற்றும். அவ்வளவுதான்.

1. மட்டம்தான் உயிர்

விளிம்பில் 6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தண்ணீர் வழிய, ஒரு மீட்டர் நீளத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 லிட்டர் தேவை. 10 மீட்டர் விளிம்புக்கு 500 லிட்டர். விளிம்பு ஒரு முனையில் 6 மில்லிமீட்டர் தாழ்ந்துவிட்டால், மேடான முனையிலும் அதே அளவு வழிய ஏறத்தாழ இரண்டு மடங்கு தண்ணீரை ஏற்ற வேண்டும். கொத்தனார் விட்ட சின்னப் பிசகுக்கு மாதாமாதம் கரண்ட் பில் கட்டப்போவது நீங்கதான். செல்போனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியை இதற்கு நம்ப வேண்டாம். லேசர் லெவல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மெரினா பே சாண்ட்ஸில் மூன்று கோபுரங்களும் தனித்தனியே அசையும். அதனால் குளத்துக்கு அடியில் அசைவைத் தாங்கும் இணைப்புகளும், மட்டத்தைச் சரிசெய்யும் ஜாக்குகளும் வைத்திருக்கிறார்கள்.

2. தொட்டியில் காலி இடம்

10 மீட்டருக்கு 4 மீட்டர் குளம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் நின்றதும், விளிம்புக்கு மேல் நிற்கும் 6 மில்லிமீட்டர் தண்ணீர், அதாவது 240 லிட்டர், தொட்டிக்கு வரும். ஆறு பேர் இறங்கினால் ஆளுக்குச் சுமார் 70 லிட்டர் வீதம் 420 லிட்டர் வழியும். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,000 லிட்டர். ஆக, தொட்டியில் 2,660 லிட்டருக்குக் காலி இடம் வேண்டும். அதற்குக் கீழே மோட்டார் காற்றை இழுக்காத அளவுக்குத் தண்ணீரும் நிற்க வேண்டும். நான்-ரிட்டர்ன் வால்வை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால், மோட்டார் நின்றதும் குளத்துத் தண்ணீர் குழாய் வழியாகவே தொட்டிக்குத் திரும்பிவிடலாம்.

3. மண்ணும் சுவரும்

இந்தக் குளம் பெரும்பாலும் சரிவில்தான் கட்டப்படுகிறது. கொட்டி நிரப்பிய மண்ணில் அஸ்திவாரம் போட்டால் சுவர் இறங்கும், மட்டம் கெடும், விரிசல் விடும். மண் பரிசோதனையும் கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடமும் கட்டாயம். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு குளத்தின் உள்ளே மட்டும் போதாது. வழியும் சுவரின் மேலும் பின்புறமும், தொட்டியிலும் வேண்டும்.

டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, மட்டத்தைக் குறித்து வையுங்கள். குளத்துப் படியில் ஒரு வாளித் தண்ணீரையும் வையுங்கள். வாளியைவிடக் குளத்தில் அதிகமாகக் குறைந்தால், அது வெயிலில் ஆவியானது மட்டுமல்ல, கசிவும் இருக்கிறது.

4. குழந்தைகள் பாதுகாப்பு

விளிம்புக்கு அப்பால் பள்ளம் இருப்பது குழந்தைக்குத் தெரியாது. அந்தப் பக்கம் யாரும் எட்டாதபடி அமைப்பு வேண்டும். தொட்டிக்கு உறுதியான மூடி, குளத்தைச் சுற்றித் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுடன் வேலி, அடிவடிகாலுக்கு ஆளை இழுத்துப் பிடிக்காத மூடி, மின் இணைப்புக்கு ஆர்.சி.சி.பி. ஆகிய நான்கும் கட்டாயம் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று

கட்டட அனுமதிக்கான வரைபடத்தில் குளத்தையும் தொட்டியையும் காட்டுங்கள். கான்கிரீட் போடும் முன் கம்பி, குழாய் போகும் வழியை உங்க செல்போனில் படம் எடுத்து வையுங்கள். நாளைக்குக் கசிவு வந்தா, எங்கே உடைக்கணும்னு அந்தப் படம்தான் சொல்லும்.