கணினியில் பாட்டுப் பதிவு: நமக்கு எந்த டிரைவர் சரி?



கலைக்குழு வைத்திருக்கும் நம் குழுக்கள் பல இப்போது பாட்டைக் கணினியிலேயே பதிவு செய்ய ஆரம்பித்துவிட்டன. கும்மிப் பாட்டு, நடவுப் பாட்டு, சேமிப்பு பற்றிய பாட்டு, பெண் குழந்தை பற்றிய பாட்டு என்று பதிந்து பென் டிரைவில் போட்டுக் கிராம சபைக்குக் கொண்டு போகிறோம். சமுதாய வானொலிக்குக் கொடுக்கிறவர்களும் உண்டு. தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு 2006-ஆம் ஆண்டு இறுதியில் அனுமதித்தது. 2008 அக்டோபரில், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மேடக் மாவட்டத்தில், கிராமத்துச் சங்கப் பெண்களே நடத்தும் சங்கம் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கியது. ஒலிப்பதிவு நமக்கு எட்டாத வேலை இல்லை என்பதற்கு அது போதும்.

ஆனால் பதிவு என்று உட்கார்ந்தால் இரண்டு புகார் எல்லா ஊரிலிருந்தும் வருகிறது. ஒன்று, "பாடும்போது எங்க குரலே எங்களுக்குத் தாமதமாக் கேக்குது, தாளம் தப்புது." இன்னொன்று, "போட்டுக் கேட்டா நடுநடுவே டப் டப்புன்னு வெடிக்குது." இதைக் கடைக்காரரிடம் சொன்னால், "கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு, புதுசு வாங்குங்க" என்பார். உடனே தீர்மான நோட்டில் கடன் எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு கணினியில் இல்லை; டிரைவரில் இருக்கிறது. அதைச் சரி செய்யப் பெரும்பாலும் காசே தேவைப்படாது.

டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவரா என்று கேட்காதீர்கள். (பயிற்சியில் முதல் கேள்வி எப்போதும் இதுதான்!) நாம் மைக்கில் பாடும் குரலை சவுண்டு கார்டு ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து எண்களாக மாற்றுகிறது. அந்த எண்களைப் பதிவு மென்பொருளிடம் கொண்டு சேர்ப்பதும், மென்பொருள் தரும் ஒலியைத் திரும்ப ஹெட்போனுக்குக் கொண்டு வருவதும் டிரைவரின் வேலை. குழுவுக்கும் வங்கிக்கும் நடுவே பாஸ்புக்கும் செலானும் எடுத்துக்கொண்டு போய் வரும் பிரதிநிதி மாதிரி. பிரதிநிதி நேராக வங்கிக்குப் போனால் வேலை சீக்கிரம் முடியும். வழியில் நாலு பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் சாயங்காலம் ஆகிவிடும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். டிரைவர் ஒவ்வொரு எண்ணாகக் கொண்டு போவதில்லை. குடம் நிறைந்த பிறகு தூக்கிக்கொண்டு போகிறது. இந்தக் குடத்துக்கு பஃபர் என்று பெயர். சின்னக் குடம் என்றால் சீக்கிரம் நிறையும், தாமதம் குறைவு; ஆனால் அடிக்கடி நடக்க வேண்டும். கணினிக்கு மூச்சு வாங்கினால் ஒரு நடை தவறிப்போகும். அப்படித் தவறுகிற இடம்தான் அந்த "டப்". பெரிய குடம் என்றால் நடை தவறாது, ஆனால் தண்ணீர் தாமதமாக வரும். கணக்கு சுலபம். குடத்தின் அளவை 44,100-ஆல் வகுத்தால் விநாடி வந்துவிடும். 256 என்றால் ஏறக்குறைய 6 மில்லி விநாடி, 512 என்றால் 12, 1024 என்றால் 23, 2048 என்றால் 46. குரல் உள்ளே போக ஒரு தடவை, வெளியே வர ஒரு தடவை என்பதால் இதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் கொஞ்சம் சேரும்.

12 மில்லி விநாடி அதிகமா, குறைவா? ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அப்படிப் பார்த்தால் 12 மில்லி விநாடி என்பது நாலு மீட்டர் தூரம். கும்மி வட்டத்தில் எதிர்ப்பக்கம் நிற்கிற அக்காவின் கைதட்டல் அவ்வளவு தாமதமாகத்தான் நம் காதுக்கு வருகிறது. அதில் யாரும் தாளம் தப்பியதில்லையே! ஆனால் 46-ஐ இரண்டால் பெருக்கினால் 92. முப்பது மீட்டருக்கு அப்பால், அடுத்த தெருவில் நின்று தட்டுகிற மாதிரி. அதைக் கேட்டுக்கொண்டே யாரால் பாட முடியும்?

இனி டிரைவர் வகைகள். விண்டோஸ் கணினியில் நாலு பெயர்களைப் பார்ப்பீர்கள். திரையில் ஆங்கில எழுத்தில்தான் வரும், பயப்பட வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.எம்.இ. என்பது 1991-லிருந்து இருக்கும் பழைய வழி. எந்தக் கணினியிலும் எந்த மைக்கிலும் வேலை செய்யும். ஆனால் தாமதம் அதிகம். 1995-ல் வந்த டைரக்ட் சவுண்ட் முக்கியமாக விளையாட்டுகளுக்காகச் செய்தது. நம் வேலைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது, விண்டோஸ் விஸ்டாவோடு வந்த வாசாப்பி. விண்டோசுக்குள்ளேயே இருப்பதால் தனியாக எதுவும் போட வேண்டாம். இதில் பொதுவழி, தனிவழி என்று இரண்டு உண்டு. பொதுவழியில் மற்ற மென்பொருள்களின் சத்தத்தோடு நம் ஒலியும் கலந்து போகும். தனிவழியில் சவுண்டு கார்டு முழுக்க நம் பதிவுக்கு மட்டும், தாமதமும் குறையும்.

நாலாவதுதான் ஸ்டுடியோக்காரர்கள் பயன்படுத்தும் ஆசியோ. ஸ்டைன்பெர்க் என்ற ஜெர்மன் நிறுவனம் 1997-ல் கொண்டு வந்தது. விண்டோசின் கலவை வேலைகளை எல்லாம் தாண்டி, மென்பொருளிலிருந்து நேராக சவுண்டு கார்டுக்குப் போகும். நடுவில் கையெழுத்து எதுவும் இல்லாத பிரதிநிதி! ஒலிப்பதிவுக்கென்று விற்கும் யு.எஸ்.பி. பெட்டி வாங்கினால், பெரும்பாலும் அதைச் செய்த நிறுவனமே இந்த டிரைவரை இலவசமாகக் கொடுக்கும். அது இருந்தால் வேறு எதையும் தேடாதீர்கள், அதையே போடுங்கள்.

கணினியோடு வந்த சாதாரண சவுண்டு கார்டுதான் இருக்கிறது என்றால், "ஆசியோ ஃபோர் ஆல்" என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. "ஃப்ளெக்ஸ் ஆசியோ" என்று இன்னொன்றும் உண்டு. ஆசியோ கேட்கும் மென்பொருளுக்கும் சாதாரண சவுண்டு கார்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக இவை நிற்கும். தாமதம் குறையலாம். ஆனால் மைக்கின் தரமோ கார்டின் தரமோ இதனால் கூடாது. இரைச்சல் இருந்தால் இருந்தபடிதான்.

2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தது வீட்டில் இருந்தால், அதில் விண்டோசோடு பாஸ் லினக்சும் இருந்திருக்கும். லினக்சில் ஆல்சா என்ற டிரைவர் உள்ளேயே இருக்கிறது. தாமதம் குறைய ஜாக் என்பதை அதன் மேல் போட்டுக்கொள்வார்கள். ஆப்பிள் கணினியில் கோர் ஆடியோ என்பது கூடவே வரும், அங்கே தேர்ந்தெடுக்கும் தொல்லையே இல்லை. விலைதான் தொல்லை.

சரி, நமக்கு எது? இதற்கு நாங்கள் ஒரு கேள்வி திருப்பிக் கேட்போம்: பாடுகிறவர் பாடும் நேரத்தில் ஹெட்போனில் எதையாவது கேட்க வேண்டியிருக்கிறதா?

ஒரு பாட்டி தனியாகத் தாலாட்டு பாடுகிறார், அல்லது பத்துப் பேர் சேர்ந்து ஒரே மைக்கில் பாடுகிறார்கள். கேட்க எதுவும் இல்லை. அப்போது தாமதம் எவ்வளவு இருந்தால் என்ன? இருக்கிற எம்.எம்.இ. அல்லது வாசாப்பியே போதும். குடத்தை 1024 அல்லது 2048 என்று பெரிதாக வையுங்கள். இங்கே முக்கியம் ஒரு நடைகூடத் தவறாமல் இருப்பதுதான். ஒரு ஊரில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவரின் நடவுப் பாட்டைப் பதிந்தார்கள். யாரோ சொன்னார்கள் என்று குடத்தை 64-க்குக் குறைத்து வைத்திருந்தார்கள். முக்கால் மணி நேரப் பதிவு முழுக்க டப் டப். அடுத்த வாரம் போய்க் கேட்டபோது பாட்டி மறுபடி பாடினார், ஆனால் பாதி அடிகள் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. பதிவானது பதிவானதுதான், வெடிப்பை எந்த மென்பொருளாலும் முழுசாக எடுக்க முடியாது. எனவே முதலில் இரண்டு நிமிஷம் பதிந்து, ஹெட்போனில் கேட்டுவிட்டு, அப்புறம் பாடச் சொல்லுங்கள்.

இரண்டாவது வகை, முதலில் பறையையோ தவிலையோ பதிந்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே மேலே குரல் பாடுவது. இங்கேதான் டிரைவர் முக்கியம். ஆசியோ அல்லது வாசாப்பி தனிவழி வைத்து 256-ல் தொடங்குங்கள். வெடித்தால் 512-க்கு ஏற்றுங்கள். பாடி முடித்து, ஒலியளவைச் சரி செய்யும் வேலைக்கு உட்காரும்போது 1024-க்கு மாற்றிக்கொள்ளலாம்.

யு.எஸ்.பி. பெட்டி இருந்தால் அதில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் போட்டால் நம் குரல் கணினிக்குள் போகாமலே நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும், தாமதமே தெரியாது. அப்போது மென்பொருளில் குரலைக் கேட்கும் வசதியை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் குரல் இரண்டாகக் கேட்கும்.

"பாடும்போது சரியாத்தான் இருந்துச்சு, போட்டுப் பார்த்தா குரல் தவிலுக்குப் பின்னாடி நிக்குது" என்பது வேறு சிக்கல். இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் லேட்டன்சி காம்பன்சேஷன் என்று ஒரு கட்டம் இருக்கும். வழக்கமாக அதில் மைனஸ் 130 என்று இருக்கும். மென்பொருளிலேயே ஒரு தாளத் தடத்தை உருவாக்கி ஓடவிட்டு, ஹெட்போனை மைக்கின் வாயில் வைத்து அதையே இன்னொரு தடத்தில் பதியுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டாவது தடம் எத்தனை மில்லி விநாடி பின்தங்கியிருக்கிறது என்று தெரியும். 40 என்றால் மைனஸ் 170 என்று மாற்றிவிடுங்கள். டிரைவரையோ குடத்தின் அளவையோ மாற்றினால் இந்தச் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும்.

குலவைச் சத்தம் பதிவாகவே மாட்டேன் என்கிறது, பறை பாதியில் அமுங்கிப்போகிறது என்று ஒரு குழுவில் வருத்தப்பட்டார்கள். மைக்கை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. காரணம், சில மடிக்கணினிகளின் டிரைவரில் இரைச்சல் நீக்கும் வசதி தானாகவே போட்டிருக்கும். அது தொலைபேசிப் பேச்சுக்காகச் செய்தது. பேச்சைத் தவிர மற்றதெல்லாம் அதற்கு இரைச்சல். நம் குலவையும் பறையும் அதன் கணக்கில் இரைச்சல்தான்! விண்டோசின் ஒலி அமைப்பில் மைக்கின் பண்புகளுக்குள் போய் என்ஹான்ஸ்மென்ட் என்பதை நிறுத்திவிடுங்கள். சவுண்டு கார்டு நிறுவனத்தின் தனி மென்பொருள் இருந்தால் அங்கேயும் பாருங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இரண்டு யு.எஸ்.பி. மைக் வாங்கி ஒரே கணினியில் செருகலாம் என்று நினைக்காதீர்கள். ஆசியோ பொதுவாக ஒரு கருவியோடுதான் வேலை செய்யும். இரண்டையும் எப்படியோ சேர்த்தாலும், இரண்டின் கடிகாரமும் சிறிது வேறுபடுவதால் நேரம் ஆக ஆக ஒலி விலகும். பாட்டுக்கு ஒன்று, வாத்தியத்துக்கு ஒன்று என்று இரண்டு மைக் வேண்டுமானால், இரண்டு மைக் செருகும் வசதியுள்ள ஒரே பெட்டியை வாங்குங்கள். ப்ளூடூத் ஹெட்போன் பாட்டு கேட்க நல்லது, பதிவுக்கு ஆகாது. அதன் தாமதத்தை எந்த டிரைவராலும் குறைக்க முடியாது. வயர் உள்ள சாதாரண ஹெட்போனே போதும்.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன், "எங்க கணினியில இருக்கிற விண்டோசுக்கு இதோட டிரைவர் கிடைக்குமா?" என்று கேளுங்கள். 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. புதிய கருவிகள் பலவற்றுக்கு அதில் டிரைவர் வராது.

டிரைவரைக் கருவி செய்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடும்போது, "உங்கள் கணினியில் 27 டிரைவர்கள் பழசாகிவிட்டன, பணம் கட்டினால் புதுப்பித்துத் தருகிறோம்" என்று திரையில் விளம்பரம் வரும். அதைத் தொடாதீர்கள். குழுப் பணமும் போகும், வைரசும் வரும். புது டிரைவர் போடுவதற்கு முன் பழைய பதிவுகளை எல்லாம் பென் டிரைவில் பிரதி எடுத்து, ஊக்குநர் ஒருவரிடமும் பொருளாளர் ஒருவரிடமும் தனித்தனியாகக் கொடுத்து வையுங்கள்.

பதிவு நாளில் இணையத்தைத் துண்டித்துவிடுங்கள், வைரஸ் சோதனை ஓடினால் நிறுத்திவிடுங்கள், பவர் அமைப்பை முழு வேகத்தில் வையுங்கள். சார்ஜரைச் செருகியதும் "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால், அதைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதியுங்கள். விண்டோசிலும் மென்பொருளிலும் 44,100 அல்லது 48,000 என ஒரே எண் இருக்க வேண்டும். எல்லாம் சரியாகி, வெடிப்பில்லாமல் பதிவானதும், எந்த டிரைவர், குடம் எத்தனை, மைனஸ் எத்தனை என்ற மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கணினியின் மேலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை வேறு உறுப்பினர் உட்காரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.