மனம் கொந்தளிக்கையில் மௌன தியானம்



வீட்டில் காலையிலேயே ஒரு வாக்குவாதம். மருமகள் சொன்ன ஒரு சொல், அல்லது மூத்த மகன் சொல்லாமல் விட்ட ஒரு சொல். அதைச் சுமந்துகொண்டே கோவிலுக்கு வந்து முழந்தாளிலிருக்கிறீர்கள். விரல்கள் செபமாலை மணிகளைத் தள்ளுகின்றன. மனமோ இன்னும் வீட்டுத் திண்ணையில் நின்று, அப்போது சொல்லத் தவறிய பதிலை இப்போது சொல்லிக் கொண்டிருக்கிறது. கடைசியில், நம் செபமெல்லாம் வீண் என்று சலித்து எழுந்து போகிறீர்கள்.

இது உங்களுக்கு மாத்திரம் நேருவதல்ல. கோபமும் துக்கமும் பயமும் நெஞ்சை அடைக்கும்போது, வார்த்தைகளைக் குறைத்து, தேவசமுகத்தில் சற்று நேரம் பேசாமல் இருக்கும் வழக்கம் திருச்சபையில் வெகு காலமாய் உண்டு. வாய்ச் செபத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அது நிற்க, இந்த மௌனத்தை எப்படிக் கையாளுவது என்பதை இன்று பார்ப்போம்.

இதில் நமக்கு நல்ல ஆசிரியர் அர்ச். இஞ்ஞாசியார். 1521-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி, பாம்பிலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவருடைய கால் முறிந்தது. லொயோலாவிலிருந்த தம் வீட்டில் மாதக்கணக்காய்ப் படுக்கையில் கிடந்தார். பொழுது போக வீரக்கதைகள் கேட்டார். அந்த வீட்டில் அகப்பட்டதோ கிறிஸ்துநாதர் சரித்திரமும் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரமும்தான். வாசிக்காத நேரத்தில் மனக்கோட்டை கட்டினார். ஒரு சீமாட்டிக்காகத் தாம் செய்யப் போகும் வீரச் செயல்களை நினைத்தால் நேரம் போவதே தெரியாது. ஆனால் நினைத்து முடித்ததும் உள்ளம் வறண்டு போகும். அர்ச்சியசிஷ்டவர்களைப்போல் தாமும் நடப்பதாக நினைத்தாலோ, நினைவு போன பிறகும் சந்தோஷம் தங்கி நின்றது. இந்த வித்தியாசத்தை அவர் ஒருநாள் கவனித்தார். அவ்வளவுதான். பின்னால் அவர் எழுதிய ‘ஞான முயற்சிகள்’ என்னும் சிறு நூல், அந்தப் படுக்கையில் முளைத்த விதைதான். 1548-ல் பாப்பு மூன்றாம் சின்னப்பர் அதை அங்கீகரித்தார். 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த அர்ச். சவேரியாரும், அதற்கு எட்டு வருஷத்துக்கு முன் பாரீஸ் பட்டணத்தில் இஞ்ஞாசியாரிடம் அந்த முயற்சிகளைச் செய்தவரே.

ஆகையால், மௌன தியானத்தில் முதல் வேலை கோபத்தை விரட்டுவதல்ல, அதைக் கவனிப்பதுதான். விரட்ட விரட்ட அது கூரைமேல் ஏறி உட்காரும். ‘ஆண்டவரே, இப்போது எனக்குக் கோபமாயிருக்கிறது’ என்று உள்ளபடி சொல்லிவிட்டு, அது நெஞ்சில் எப்படி ஏறுகிறது, தணியும்போது என்ன மிச்சம் வைத்துப் போகிறது என்று பார்த்திருங்கள். பூங்காவனத்தில் நம் ஆண்டவரும் தமது துக்கத்தைச் சீஷரிடம் மறைக்கவில்லை. மூன்று முறை போய் அதே வார்த்தைகளைச் சொல்லி மன்றாடினார் என்று அர்ச். மத்தேயு எழுதியிருக்கிறார். புதிதாய்ச் சொல்ல ஒன்றுமில்லாத செபமும் செபமே.

கோபப்பட்டதற்காகத் தன்மேலேயே கோபப்படுகிறவர்களும் உண்டு. அர்ச். பிரான்சிஸ் சலேசியார், 1609-ல் வெளிவந்த தமது பக்தி நூலில், இதைத் தனியே எடுத்துக் கண்டிக்கிறார். நம் குறைகளைக் குறித்து வருத்தப்படலாம்; சாந்தமாய் வருத்தப்பட வேண்டும் என்பது அவர் போதனை. வலையில் சிக்கிய பறவை படபடத்தால் இன்னும் அதிகமாய்ச் சிக்கும் என்றும் மனக்கலக்கத்துக்கு உவமை சொல்லுகிறார்.

எப்படி உட்காருவது? இதில் இஞ்ஞாசியார் வெகு தாராளம். முழந்தாளிலிருக்கலாம், உட்காரலாம், நிற்கலாம், மல்லாந்து படுத்தும் இருக்கலாம். எந்த நிலையில் தேடினது கிடைக்கிறதோ அந்த நிலையிலேயே நில் என்கிறார். (படுத்தால் தூங்கிவிடுகிறவர்கள் உட்காருவதே உத்தமம்.) தொடங்குமுன், செபிக்கும் இடத்துக்கு ஓரிரண்டு அடி எட்டவே ஒரு பரலோக மந்திரம் சொல்லும் நேரம் நின்று, ஆண்டவர் நம்மைப் பார்க்கிறார் என்று நினைக்கச் சொல்லுகிறார். மனம் மிகவும் அலைந்தால் அவர் தரும் இன்னொரு முறை மெத்த உதவும்: பரலோக மந்திரத்தை எடுத்துக்கொண்டு, ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லுவது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையே அந்த ஒரு வார்த்தையில் மாத்திரம் மனதை வைப்பது. ‘பிதாவே’ என்ற சொல்லோடு ஒரு முழு மூச்சு இருந்து பாருங்கள். கோபத்தில் இருக்கிறவனுக்கு மூச்சு குறுகியிருக்கும். சொல் ஒவ்வொன்றாய்ப் போகப் போக அது நீளும்.

லிசியே கார்மேல் மடத்தில் அர்ச். குழந்தை தெரேசம்மாள் பட்ட பாட்டையும் கேளுங்கள். மாலைத் தியான வேளையில் அவளுக்குப் பின்னாலிருந்த ஒரு சகோதரி, இரண்டு கிளிஞ்சல்களை ஒன்றோடொன்று உராய்வதுபோல ஒரு சத்தம் செய்துகொண்டேயிருப்பாளாம். வேறொருவருக்கும் அது கேட்டதாய்த் தெரியவில்லை. திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், தெரேசம்மாள் திரும்பவில்லை. அடக்க அடக்க உடம்பெல்லாம் வேர்த்தது. கடைசியில், அந்தச் சத்தத்தைக் கேளாமலிருக்கப் பார்ப்பதை விட்டு, அதையே அழகான சங்கீதமாகக் கவனித்துக் கேட்டு, ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தாளாம். 1897-ல், தன் 24-ம் வயதில் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் இதை எழுதினாள். சிரிப்பூட்டும் சங்கதிதான், ஆனால் ஒரே வீட்டில் ஆறு பேராய்க் குடியிருக்கும் நமக்கு, மௌனமான மூலை கிடைக்கவில்லை என்று சொல்ல இனி இடமில்லை.

துக்கம் அழுத்தும் நாட்களுக்கு இஞ்ஞாசியார் ஒரு கண்டிப்பான விதி வைத்தார். மனம் இருண்டிருக்கும்போது எந்த மாறுதலும் செய்யாதே. மனம் தெளிந்திருந்தபோது எடுத்த தீர்மானத்திலேயே நில். பாகப்பிரிவினைக் கடிதம், வேலையை விட்டுவிடும் தீர்மானம், தம்பியோடு இனிப் பேச்சில்லை என்ற சபதம், இவை எத்தனை குடும்பங்களில் அப்படிப்பட்ட ஓர் இரவிலேயே பிறந்தன! தியானத்தில் நேரம் நகரவில்லையானால், வைத்த நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷமாவது அதிகமாயிருந்து எழுந்திரு என்பதும் அவர் சொன்னதே.

ஆனால் மௌனம் எல்லா நோவுக்கும் மருந்தல்ல. 1522-ல் மன்ரேசா ஊரில் அதே இஞ்ஞாசியார் தினம் ஏழு மணி நேரம் முழந்தாளிலிருந்து செபித்தும், பழைய பாவங்களைச் சரியாய்ச் சொன்னேனோ என்ற சஞ்சலம் அவரை விடவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைவுகூட வந்து வந்து போயிற்று. செப நேரம் கூடியதால் அது தீரவில்லை. அந்த எண்ணம் வரும் வழியைக் கண்டு, பழையவற்றைத் திரும்பச் சங்கீர்த்தனம் செய்வதில்லை என்று தீர்மானித்த பிறகே விடுதலையடைந்தார். மனதிலுள்ளதை ஒளித்து வைத்தால் சத்துருவுக்கு லாபம், நல்ல ஆத்தும குருவிடம் திறந்து சொன்னால் அவன் தோற்றான் என்று பின்னாளில் எழுதினதும் அவரே.

ஆகவே, தூக்கமும் ஆகாரமும் வாரக்கணக்காய்க் கெட்டிருந்தால், வாழ்வே வேண்டாம் என்ற நினைவு வந்தால், தனியே கண்ணை மூடி உட்கார வேண்டாம். அன்றைக்கே வீட்டாரிடமோ குருவானவரிடமோ சொல்லி, வைத்தியரிடம் போங்கள். காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவல்லவே, இதுவும் அப்படித்தான்.

மற்றவர்கள், இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும் உடனே எழுந்துவிடாமல், ஐந்து நிமிஷம் எல்லோரும் பேசாமல் இருந்து பாருங்கள். பிள்ளைகள் நெளிவார்கள், நெளியட்டும்.