இருபத்தொன்பது இலக்க எண்

சென்ற தை மாதம் பேரப்பிள்ளைகளுடன் சிதறால் திருச்சாரணத்து மலைக்குச் சென்றிருந்தேன். பாறையிற் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களை ஒவ்வொன்றாக எண்ணிவந்த பேத்தி, "பாட்டி, மனிதர் மொத்தம் எத்தனை பேர் என்று நம் நூல்களில் உண்டா?" என்று வினவினாள். உண்டு. அக்கணக்கை ஈண்டுப் பாடமாகத் தருகிறேன். தாளும் எழுதுகோலும் கொண்டு படித்தல் நலம்.

பத்தாம் நூற்றாண்டில் நேமிசந்திர சித்தாந்த சக்ரவர்த்தி இயற்றிய கோம்மடசாரத்தின் ஜீவகாண்டம், பர்யாப்த மனிதரின் தொகையை ஐந்தாம் வர்க்கத்தின் கனம் என உரைக்கிறது. (அரசினரின் மக்கள்தொகைக் கணக்கோடு இதனை ஒப்பிடலாகாது; இரண்டரைத் தீவாகிய மனிதவுலகம் முழுமைக்கும் உரைத்த தொகை இது.) இரண்டைத் தன்னாலேயே பெருக்க 4, இது முதல் வர்க்கம். அதனை அவ்வாறே பெருக்க 16, பின்னர் 256, பின்னர் 65,536. ஐந்தாவது 429,49,67,296. இதனை மூன்றிடத்தில் வைத்துப் பெருக்கினால் வருவது:

79228162514264337593543950336

இத்துணைப் பெரிதாயினும் இது சங்க்யாதமே. அசங்க்யாதமும் அனந்தமும் இதற்கு நெடுந்தொலைவு அப்பாற்பட்டவை. நான்கால் வகுக்க மீதியின்மையால் கிருதயுக்மம் எனப்படும். மீதி இரண்டாயின் பாதரயுக்மம், மூன்றாயின் தேஜோஜம், ஒன்றாயின் கலியோஜம். இரண்டையன்றி வேறெந்தப் பகா எண்ணும் இதனை வகுக்காது. கனமாய் நிற்கும் இதுவே வர்க்கமுமாகும்.

ஓரெண்ணைப் பாதி பாதியாக்கி ஒன்றை அடைய எத்தனை முறை வேண்டுமோ அதனை அர்த்தச்சேதம் என்பர். வீரசேன ஆசாரியரின் தவளா உரை இதனைப் பெரிதும் கையாள்கிறது. இன்றைய கணிதத்தில் இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை இதுவே. நம் எண்ணின் அர்த்தச்சேதம் 96.

இதனைப் பேத்தி செய்து பார்க்க விரும்பினாள். என் பழைய குறிப்பேட்டிலிருந்து எண்ணை எடுத்துக் கொடுத்தேன். மூன்றே முறையில் பாதியாக்கல் நின்றுவிட்டது. ஒற்றைப்படை எண் வந்தது. குழந்தை பிழை செய்தாள் என்றே கருதி, மறுமுறை செய்யச் சொன்னேன். மீண்டும் மூன்றிலேயே நின்றது. இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன். 127, சரியாகவே இருந்தது. பின்னரே இலக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்தேன்: இருபத்தெட்டு! பல்லாண்டுகளுக்கு முன் படியெடுக்கையில் ஒரு சுழியை விட்டிருக்கிறேன். சுழி போனால் கூட்டுத்தொகை மாறாது. ஆகவே அச்சோதனை பிழையைக் காட்டவில்லை. பாதியாக்கல் காட்டிவிட்டது.

கோம்மடசாரமோ இவ்வெண்ணை இலக்கமாக எழுதாமல், கடபயாதி முறையில் எழுத்துகளாக்கி, வலக்கோடியிலிருந்து தொடங்கி ஒரு காதையில் வைத்திருக்கிறது. 6, 3, 3 என்பவற்றை அடுத்து நான்காவதாக நிற்கும் எழுத்துச் சுழிக்குரியது. அதனை விட்டால் பாட்டின் மாத்திரை கெட்டு, ஓதுவோர் நாவிலேயே பிழை தட்டுப்படும். என் குறிப்பேட்டுக்கு அக்காவல் இல்லை.

அந்நாளில் என்னிடம் இவ்வெண்ணை எழுதிக்கொண்டோர் இதனைப் படிக்க நேர்ந்தால், இறுதியில் வரும் 395-க்கும் 336-க்கும் இடையே ஒரு சுழியை இட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.