சிறுநீரகத்தின் திறனை அளத்தல்

பெங்களூருவில் கிருஷ்ணராஜேந்திரச் சந்தையின் அருகே விக்டோரியா மருத்துவமனை உள்ளது. அதன் வளாகத்திலேயே சிறுநீரக நோய்களுக்கென அரசு நிறுவனம் ஒன்றும் இயங்குகிறது. அங்கு வருவோரின் ஆய்வுக்கூடத் தாளில் ‘கிரியேட்டினின்’ என்னும் சொல்லும் அதனருகே ஓர் எண்ணும் காணப்படும். அவ்வெண் எதை உணர்த்துகிறது?

கன்னடத்தில் ‘மூத்ரபிண்ட’ எனப்படும் உறுப்பே தமிழில் சிறுநீரகம் (சிறுநீர் + அகம்) எனப்படுகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்வடிப்பான்கள் உள்ளன. நலமுள்ள இளைஞர் ஒருவரின் இரு சிறுநீரகங்களும் சேர்ந்து, நிமிடத்திற்குச் சுமார் 120 மில்லிலிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் இது 170 லிட்டரைத் தாண்டும்! ஆயினும் சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவே. எஞ்சியது இரத்தத்திற்கே திரும்புகிறது. நிமிடத்திற்கு வடியும் அளவை ‘வடிகட்டும் வீதம்’ என்பர்.

உடலுக்குள் நிகழும் இவ்வடிப்பைக் குவளை வைத்து அளக்க இயலாது. அமெரிக்க அறிஞர் ஹோமர் ஸ்மித் முதலியோர் 1930களில் இதற்கு ஒரு வழி கண்டனர். காபித்தூளில் கலக்கும் சிக்கரியின் வேரில் ‘இனுலின்’ என்னும் பொருள் உண்டு. (இது இன்சுலின் அன்று.) இரத்தத்தில் செலுத்தினால் இது முழுதும் தடையின்றி வடியும், வடிந்தபின் திரும்பி உறிஞ்சப்படாது. நிமிடத்திற்கு 1 மில்லிலிட்டர் சிறுநீர் சேர்கிறது எனவும், அதில் இனுலினின் செறிவு இரத்தத்தில் உள்ளதைப்போல் 120 மடங்கு எனவும் கொள்வோம். அவ்வாறாயின் வடிகட்டும் வீதம் 120 மில்லிலிட்டர் ஆகும்.

இம்முறை துல்லியமானது, ஆனால் நாள்தோறும் வரும் நோயாளர் அனைவருக்கும் செய்ய இயலாதது. எனவே உடல் தானே உண்டாக்கும் கிரியேட்டினின் துணைக்கு வந்தது. இது தசைகளில் தோன்றும் கழிவு. வடிப்பு குறைந்தால் இரத்தத்தில் இதன் அளவு உயரும். இதனை ஆரஞ்சு நிறமாக மாற்றிக் கண்டறியும் வேதிவினையை மாக்ஸ் ஜாஃபே 1886இல் வெளியிட்டார். பல ஆய்வுக்கூடங்கள் இன்றும் அதனையே பயன்படுத்துகின்றன.

இங்கேதான் கவனம் தேவை. 25 வயது இளைஞருக்கும் 65 வயதுப் பாட்டிக்கும் டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம் என ஒரே முடிவு வருகிறது என்க. பல தாள்களில் 1.2 வரை இயல்பு என்றே அச்சிட்டிருக்கும். ஆனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் 2021ஆம் ஆண்டுச் சூத்திரத்தின்படி, இளைஞரின் வீதம் சுமார் 86. பாட்டியின் வீதம் சுமார் 50. இவ்வீதம் 60க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். தசை குறைந்தவரிடம் கழிவும் குறைவாகவே தோன்றுவதால், நோய் எண்ணுக்குள் மறைந்து நிற்கிறது. பாட்டிக்கு வலியும் இராது. பாதித் திறன் போனபின்னும் சிறுநீரகம் பெரும்பாலும் ஓசையின்றியே உழைக்கும்.

இச்சூத்திரங்கள் பெரிதும் மேலைநாட்டினரை அளந்து உருவாக்கப்பட்டவை. மெலிந்த உடலும் புலால் குறைந்த உணவும் உடைய இந்தியர் பலருக்கு, அவை உண்மையினும் உயர்ந்த வீதத்தைக் காட்டக்கூடும். ஆதலால் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளோரின் சிறுநீரில் ‘ஆல்புமின்’ என்னும் புரதம் கசிகிறதா என்றும் மருத்துவர் பார்க்கின்றனர். வீதம் குறையும் முன்பே இக்கசிவு பலரிடம் தென்பட்டுவிடும்.

வினாக்கள்

1. பிரித்து எழுதுக: சிறுநீரகம், அவ்வெண், இக்கசிவு.
2. இரு தாள்களிலும் எண் ஒன்றாயிருக்க, பாட்டியின் வீதம் குறைவாக இருப்பது ஏன்?
3. நிமிடத்திற்கு 2 மில்லிலிட்டர் சிறுநீரும், அதில் இரத்தத்தைப்போல் 45 மடங்கு இனுலினும் இருப்பின், வடிகட்டும் வீதம் யாது?