அம்பு ஏன் இடப்பக்கமே போகிறது?

சைட்டும் ஸ்டெபிலைசரும் இல்லாத மரவில்லில் குறி தவறினால் பழி சுமக்க மூன்று பேர்தான்: வில், அம்பு, எய்பவர். இதில் யார் என்று விசாரிக்காமலே பலரும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அம்பு இடப்பக்கம் விழுந்தால் அடுத்த முறை கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிக் குறிவைக்கிறார்கள். அன்றைக்கு மையத்தில் விழும். தூரம் மாறியதும் பழைய கதைதான். இன்னும் சிலர் நேராகக் கடைக்குப் போய்ப் புது அம்பு வாங்குகிறார்கள். அதற்கு முன் ஒரு மாலைப் பொழுதைச் செலவழித்தால் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே சொல்வது லாங்போவுக்கும் ரிகர்வுக்கும் பொதுவானது. வில்லின் ஷெல்ஃப் மேலேயே அம்பை வைத்து, விரலால் நாண் இழுப்பவர்களுக்கானது. திசைகள் வலக்கையால் நாண் இழுப்பவருக்குச் சொன்னவை. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இடம், வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அம்புகளுக்கு எண் போடுங்கள்

இறகின் மேல் பேனாவால் 1 முதல் 6 வரை எழுதினால் போதும். 10 மீட்டரில் நின்று ஆறையும் எய்யுங்கள். எந்த எண் எங்கே விழுந்தது என்று ஒரு தாளில் குறியுங்கள். நான்கைந்து சுற்று இப்படிச் செய்த பிறகு தாளைப் பாருங்கள்.

அம்புகள் நெருக்கமாக ஒரே இடத்தில் விழுகின்றன, ஆனால் அந்த இடம் மையம் இல்லை என்றால் முதலில் வில்லையும் அம்பையும் சந்தேகப்படலாம். நாலாபக்கமும் சிதறிக் கிடந்தால் கோளாறு பெரும்பாலும் எய்பவரிடம்தான். அப்போது கருவியைத் தொடாதீர்கள். மற்றவை சேர்ந்து விழ, 4-ஆம் எண் மட்டும் எப்போதும் தனியாகப் போகிறது என்றால் அந்த ஒரு அம்பைக் கவனியுங்கள். கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தால் கோணல் தெரியும். காதருகே பிடித்து மெல்ல வளைக்கும்போது முனகல் சத்தம் கேட்டால் மரத்தண்டில் விரிசல் விழுந்திருக்கிறது; உடைத்துப் போடுங்கள், அதை இனி எய்யக் கூடாது. இறகு நசுங்கியிருந்தால் மட்டும் கவலை வேண்டாம். இட்லிப் பானையின் ஆவியில் சில விநாடி காட்டினால் நிமிர்ந்துவிடும்.

வில்லைப் பரிசோதிக்கும் முறை

நாண் பூட்டிய வில்லை நுனி தரையில் படாமல் பிடித்து, நாண் இருக்கும் பக்கத்திலிருந்து ஒரு கண்ணால் நோக்குங்கள். வில்லின் இரு கரங்களையும் நாண் நடுவாகப் பிளந்து ஓட வேண்டும். ஒரு கரத்தில் ஓரமாக ஓடினால் கரம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. பஞ்சை எடுத்துக் கரம் முழுவதும் தடவுங்கள். இழை சிக்குகிற இடத்தில் சிராயோ விரிசலோ இருக்கலாம். விரிசல் இருந்தால் பரிசோதனை அங்கேயே முடிந்தது.

அடுத்து பிரேஸ் ஹைட். கைப்பிடியின் மிகக் குழிந்த இடத்திலிருந்து நாண் வரை உள்ள தூரம் இது. லாங்போவுக்குப் பெரும்பாலும் 6 முதல் 7½ அங்குலம், ரிகர்வுக்கு 7 முதல் 9 அங்குலம். வில் செய்தவர் ஓர் அளவு சொல்லியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். புது நாண் சில நாளில் நீண்டுவிடும், பிரேஸ் ஹைட் குறையும், யாரும் கவனிப்பதில்லை. நாண் மணிக்கட்டில் அடிப்பதும், எய்யும்போது வில் அதிர்ந்து சத்தம் போடுவதும் இதன் அறிகுறிகள். நாணைக் கழற்றி மூன்று நான்கு முறுக்கு ஏற்றிப் பூட்டினால் அளவு கூடும். வில் எந்த அளவில் மிக அமைதியாக எய்கிறதோ அதுவே அதற்கு உகந்த அளவு. அந்த எண்ணை எழுதி வைத்து, ஒவ்வொரு நாளும் எய்யும் முன் அளந்து பாருங்கள்.

ஒரு கட்டுப்பாடு: ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். பிரேஸ் ஹைட்டையும் அம்பு முனையையும் ஒரே மாலையில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

மேலும் கீழும் போனால்

நாணில் அம்பைப் பூட்டும் இடத்தை நாக் பாயின்ட் என்பார்கள். ஷெல்ஃபிலிருந்து நாணுக்குச் செங்கோணமாக ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டுக்கு அரை அங்குலம் மேலே அது இருப்பது வழக்கம். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்து இழுப்பவருக்கு இன்னும் சற்று மேலே வேண்டியிருக்கும். சோதனையை 5/8 அங்குலத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறக்குவது நல்லது. கீழிருந்து தொடங்கினால் அம்பு ஷெல்ஃபில் மோதித் துள்ளி, தவறான விடை தரும். நூல் சுற்றிக் குறி வையுங்கள். இடம் உறுதியான பிறகு பசை போடலாம். அம்பு நாணில் வழுக்காமல் இருக்கக் கீழேயும் ஒரு சுற்று சுற்றுவது நல்ல பழக்கம்.

அம்பின் வால் ஷெல்ஃபில் உரசுகிறதா என்று பார்க்க முகப் பவுடர் போதும். ஷெல்ஃபிலும் அதன் பக்கச் சுவரிலும் லேசாகத் தூவி ஓர் அம்பை எய்யுங்கள். பவுடரில் கீறல் எங்கே, இறகின் எந்த ஓரத்தில் வெள்ளை ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். லேசான தடம் இயல்பு. ஆழமான கீறல் என்றால் நாக் பாயின்ட்டோ அம்பின் விறைப்போ சரியில்லை. பிளாஸ்டிக் வேன் ஒட்டிய அம்பை ஷெல்ஃப் மேல் வைத்து எய்பவர் இந்தச் சோதனையே செய்ய வேண்டாம். வேன் மடங்கிக் கொடுக்காது, அம்பைத் தட்டிவிடும். நிஜ இறகுக்கு மாறுங்கள்.

இடமும் வலமும்: சிக்கலின் இருப்பிடம்

நாண் விடுபடும் நொடியில் அம்பு நேராக ஓடுவதில்லை. விரல்களை விட்டு நழுவும் நாண் சற்றுப் பக்கவாட்டில் நெளிய, பின்னாலிருந்து தள்ளப்படும் அம்பும் வளைந்து, வில்லின் உடலைச் சுற்றிக்கொண்டு போய், பிறகு நேராகிறது. அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் 1930களில் அதிவேகப் படமெடுத்து இந்த வளைவைக் காட்டினார். ஆகவே அம்பு தேவையான அளவு வளைய வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இந்த விறைப்புதான் ஸ்பைன். விறைத்த அம்பு வளையாமல் வில்லில் இடித்து இடப்பக்கம் போகும். தொய்ந்த அம்பு அதிகம் வளைந்து வலப்பக்கம் போகும்.

இதைக் கண்டுபிடிக்க இறகில்லாத அம்பை எய்யுங்கள். இறகு பிழையைப் பாதி வழியிலேயே திருத்திவிடும். வெறுந்தண்டில் அது மறையாது. இறகுள்ள அம்பு மூன்று, அதே நீளமும் முனையும் கொண்ட வெறுந்தண்டு இரண்டு. 10 மீட்டரில் தொடங்கி, சேர்ந்து விழுந்தால் 15, 20 என்று பின்வாங்குங்கள். மென்மையான இலக்கு வேண்டும். சாய்வாகக் குத்தும் மரத்தண்டு ஒடியும்.

வெறுந்தண்டு மற்றவற்றுக்கு இடப்பக்கம் விழுந்தால் அம்பு விறைப்பு. வலப்பக்கம் என்றால் தொய்வு. மேலே விழுந்தால் நாக் பாயின்ட் தாழ்ந்திருக்கிறது, கீழே என்றால் உயர்ந்திருக்கிறது. மேல், கீழைச் சரிசெய்துவிட்டுத்தான் இடம், வலத்துக்கு வர வேண்டும்.

விறைப்புக்கு மருந்து கனமான முனை. 100 கிரெயின் முனையைக் கழற்றி 125 போட்டுப் பாருங்கள். 125 கிரெயின் என்பது சுமார் 8 கிராம். தொய்வுக்கு நேர் எதிர்: முனை எடையைக் குறையுங்கள், அல்லது தண்டைக் கால் அங்குலம் வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது, எனவே முனையில் ஆரம்பிப்பதே புத்தி. ஷெல்ஃபின் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் தோல்பட்டையும் கைகொடுக்கும். விறைத்த அம்புக்கு மெல்லிய பட்டை, தொய்ந்த அம்புக்குத் தடித்த பட்டை. எடையைக் குறைத்துக்கொண்டே போகாதீர்கள். வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 9, 10 கிரெயின் அம்பு எடை பாதுகாப்பானது. 40 பவுண்டு வில்லுக்கு 400 கிரெயின், அதாவது 26 கிராம் அளவில். அதைவிட மிக லேசான அம்பு வில்லையே உடைக்கும்.

இனி எய்பவர்

கருவி சரியான பிறகும் அம்பு இடப்பக்கம் போகிறதா? நண்பர் ஒருவரைப் பின்னால் நின்று கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். நாணை விட்ட கை முகத்தை ஒட்டிப் பின்னால் போகிறதா, முகத்தைவிட்டு வெளியே வீசுகிறதா என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வீசினால் நாணைச் சுண்டுகிறீர்கள். அம்பு இடப்பக்கம்தான் போகும். விரலைத் திறக்க முயலாதீர்கள், முதுகால் இழுப்பதை நிறுத்தாமல் விரலைத் தளர்த்துங்கள். நாண் தானே போய்விடும்.

இன்னொன்று ஆதிக்கக் கண். வலக்கையால் இழுப்பவருக்கு இடக்கண் ஆதிக்கம் இருந்தால் அம்பு வெகுவாக இடம் தள்ளிப் போகும். இரு கண்ணும் திறந்து தூரத்துப் பொருளை விரலால் சுட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அம்பு கீழே விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இழுப்பு குறைவது. முழுதாக இழுத்து, குறிவைத்துக்கொண்டிருக்கையிலேயே நாண் அரை அங்குலம் முன்னே ஊர்ந்துவிடும்; எய்பவருக்கே தெரியாது. ஓர் அங்குலம் குறைந்தால் வில்லின் பலத்தில் இரண்டு மூன்று பவுண்டு போய்விடும். பலம் குறைந்தால் அம்பு விறைத்ததுபோல் நடந்துகொள்ளும், இடப்பக்கமும் விலகும். வெறுந்தண்டுச் சோதனையையே இது ஏமாற்றிவிடும். அதனால்தான் விரல் வாயோரத்தில் தொடும் இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த இடம் உயர்ந்தால் அம்பு தாழும், தாழ்ந்தால் உயரும். ஷெல்ஃப் இல்லாமல் கைமேல் அம்பு வைத்து எய்யும் வில்லில் இன்னொரு தொல்லை: கை கைப்பிடியில் சற்று நகர்ந்தாலே உயரம் மாறும். பிடிக்கும் இடத்தில் நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் பழக மூன்று மீட்டர் தூரத்தில், குறித்தாளே ஒட்டாத வைக்கோல் கட்டின்முன் நின்று எய்வதைவிட நல்ல வழி இல்லை. குறி இல்லை என்றால் கண்ணுக்கு வேலை இல்லை. கவனம் கைக்கும் முதுகுக்கும் வரும்.

முழு இழுப்பில் நான்கு விநாடி நடுங்காமல் நிற்க முடியவில்லையா? உங்கள் வில் உங்களுக்கு அதிகம். 50 பவுண்டு வில் வாங்கிவிட்டோம் என்ற வீறாப்பை விட்டு, 25 முதல் 30 பவுண்டு வில்லைக் கடன் வாங்கி இரண்டு மாதம் எய்யுங்கள். 10, 20 மீட்டர் பயிற்சிக்கு அந்தப் பலமே தாராளம்.