வரி ஏறினால் அணி விலைக்கு வருமா?

அமெரிக்காவில் பெரிய விளையாட்டு அணி ஒன்று கைமாறப்போகிறது என்று செய்தி கசிந்தால், மறுநாளே காரணமும் வந்துவிடும்: வரி. உரிமையாளர் இறந்திருந்தால் மரணவரி, உயிரோடிருந்தால் மூலதன ஆதாய வரி, வாங்குபவர் பெருஞ்செல்வர் என்றால் தேய்மானச் சலுகை. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அது தலைகீழாகச் சொல்லப்படுகிறது. விற்கவைக்கும் என்று பேர் வாங்கிய வரி, பல நேரங்களில் விற்கவிடாமல் பிடித்துவைக்கும் வரியாக இருக்கிறது.

நம்பிக்கை: உரிமையாளர் இறந்தால், மரணவரி கட்டுவதற்காகவே குடும்பம் அணியை விற்கிறது.

இதற்கு ஒரு மூலக்கதை உண்டு. மயாமி டால்ஃபின்ஸ் அணியை 1965இல் 75 லட்சம் டாலர் கொடுத்து உருவாக்கியவர் ஜோ ராபி. 1990 ஜனவரியில் அவர் இறந்தார். சுமார் 4.7 கோடி டாலர் எஸ்டேட் வரி, அதாவது மரணவரி, விழுந்ததாகச் சொல்வார்கள். 1994இல் அணி வெய்ன் ஹைசெங்கா கைக்குப் போனது. எஸ்டேட் வரியை ஒழிக்க வேண்டும் என்பவர்கள் இன்றும் இந்தக் கதையைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அப்பா சேர்த்ததை அரசு பிடுங்கிக்கொண்டது என்று சொல்வது எளிது. ராபி அரசுப் பணம் இல்லாமல் கடன் வாங்கிக் கட்டிய மைதானமும், அவர் போன பிறகு குடும்பத்துக்குள் வெடித்த சண்டையும் கதையில் விடுபட்டுப்போகும். வரி அந்தக் குடும்பத்தை அழுத்தியது உண்மை. ஆனால் ஒற்றுமையாக இருந்த, கடன் இல்லாத குடும்பத்தை அது உடைத்துவிடவில்லை.

எஸ்டேட் வரி மட்டுமே விற்கவைக்கும் என்றால் சிகாகோ பேர்ஸ் அணி எப்போதோ கைமாறியிருக்க வேண்டும். நிறுவனர் ஜார்ஜ் ஹாலஸ் 1983இல் இறந்தபோது அந்த வரியின் உச்ச விகிதம் இன்றைய 40 சதவீதத்தைவிட அதிகம். மகள் வர்ஜீனியா மெக்காஸ்கி அணியை வைத்துக்கொண்டார். 2025 பிப்ரவரியில் 102 வயதில் இறக்கும்வரை அது அவருடையதாகவே இருந்தது. வரியை ஒரே நாளில் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. சொத்தில் 35 சதவீதத்துக்கு மேல் குடும்பத் தொழிலாக இருந்தால், ஏறக்குறைய 14 ஆண்டுகளுக்குத் தவணை கேட்கலாம்.

அப்படியானால் உரிமையாளர் இறந்த பிறகு அணிகள் விற்கப்படுவது ஏன்? அமெரிக்கச் சட்டத்தில் இருக்கும் ஒரு விதியைப் பார்த்தால் புரியும். நம் ஊரில் அப்பா வாங்கிய மனையை மகன் விற்றால், அப்பா கொடுத்த விலையிலிருந்துதான் ஆதாயத்தைக் கணக்கிடுவார்கள். நம்மிடம் எஸ்டேட் வரி 1985இலேயே போய்விட்டது, ஆனால் அப்பாவின் பழைய அடக்கவிலை மகனைத் தொடர்ந்து வரும். அமெரிக்காவில் அப்படியில்லை. சொத்து வாரிசின் கைக்கு வரும்போது, உரிமையாளர் இறந்த நாளின் சந்தை மதிப்பே புதிய அடக்கவிலை ஆகிவிடும். அதுவரை ஏறிய ஆதாயத்துக்கு மூலதன ஆதாய வரி யாருக்கும் கிடையாது.

பஃபலோ பில்ஸ் அணியை ரால்ஃப் வில்சன் 25,000 டாலரில் தொடங்கினார். 2014 மார்ச்சில் 95 வயதில் இறந்தார். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அணி 140 கோடி டாலருக்கு டெர்ரி பெகுலா, கிம் பெகுலா தம்பதியிடம் போனது. வில்சனே உயிரோடிருந்து விற்றிருந்தால் விலை முழுக்க ஆதாயம்தான். கூட்டாட்சி அரசுக்கு மட்டும் அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் போயிருக்கும். தன் மறைவுக்குப் பிறகுதான் அணி விற்கப்படும் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். விற்ற பணத்தில் பெரும்பகுதி அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளைக்குப் போனது. அறக்கொடைக்கு எஸ்டேட் வரியும் கிடையாது. வில்சன் விஷயத்தில் மரணம் யாரையும் விற்கத் துரத்தவில்லை. அதுவரை கதவை அடைத்துக்கொண்டிருந்த ஆதாய வரியை விலக்கிவிட்டது, அவ்வளவுதான். எண்பது வயதைத் தாண்டிய உரிமையாளர் ஏன் விற்காமல் இருக்கிறார் என்று கேட்பவர்களுக்கும் இதில் பாதி பதில் கிடைக்கும்.

நம்பிக்கை: வரி உயரப்போகிறது என்று தெரிந்தால் உரிமையாளர்கள் அவசரமாக விற்றுவிடுவார்கள்.

பங்குகளுக்கு இது பொருந்தும். 1986இல் நிறைவேறிய வரிச் சீர்திருத்தச் சட்டம், மூலதன ஆதாய வரியின் உச்சத்தை அடுத்த ஜனவரி முதல் 20 சதவீதத்திலிருந்து 28 ஆக்கியது. 1986இல் மக்கள் விற்று ஈட்டிய ஆதாயம் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய இருமடங்கானது. அடுத்த ஆண்டு சரிந்தது. விற்கும் நாளை வரியால் நகர்த்த முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஆனால் அணி, பங்குச்சந்தையில் நொடியில் தள்ளிவிடும் சரக்கல்ல. தேசிய ஃபுட்பால் லீகில் விற்பனைக்கு 32 உரிமையாளர்களில் 24 பேர் ஒப்புதல் தர வேண்டும்; கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் 30க்கு 23. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியை விற்கப்போவதாக க்ரூஸ்பெக் குடும்பம் 2024 ஜூலையில் அறிவித்தது. 610 கோடி டாலருக்கு பில் சிஸம் வாங்குவதாக ஒப்பந்தமானது 2025 மார்ச்சில். கைமாற்றம் முடிந்தது ஆகஸ்டில். டிசம்பர் 31க்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரமெல்லாம் இதில் செல்லாது.

கணக்கும் அவசரத்தை ஆதரிக்கவில்லை. 2002இல் க்ரூஸ்பெக் குழு செல்டிக்ஸை வாங்கிய விலை 36 கோடி டாலர். கூட்டு வளர்ச்சியாகப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 13 சதவீதம். ஆதாய வரி திடீரென்று 5 புள்ளி உயர்ந்திருந்தால் கூடுதலாகப் போயிருப்பது ஏறத்தாழ 29 கோடி. பெரிய தொகைதான். ஆனால் அந்த வேகத்தில் ஏறும் அணி நான்கைந்து மாதத்தில் சம்பாதித்துவிடுகிற தொகை அது. வரிக்குப் பயந்து ஓராண்டு முன்னதாக விற்பவர், ஓராண்டு விலையேற்றத்தைத் தூக்கிக் கொடுக்கிறார்.

பாஸ்டனிலேயே இதற்கு நேரடிச் சோதனை நடந்தது. பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்குக் கூடுதலாக 4 சதவீதம் வரி விதிக்க மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2022 நவம்பரில் ஒப்புதல் தந்தார்கள். 2023 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. பணக்காரர்கள் பெட்டி கட்டிவிடுவார்கள் என்று அப்போது பேசப்பட்டது. செல்டிக்ஸ் அந்த வரிக்கு முன் விற்கப்படவில்லை. வரி வந்து ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் விற்பனைப் பலகையே மாட்டினார்கள். குடும்பச் சொத்துத் திட்டமிடல் என்பது அவர்கள் சொன்ன காரணம். பெரிய பங்குதாரரான இர்விங் க்ரூஸ்பெக் தொண்ணூறை ஒட்டிய வயதில் இருந்தார். வரி ஒன்றே குறி என்றால், இன்னும் சில காலம் காத்திருந்து புதிய அடக்கவிலையை வாங்கிக்கொண்டிருப்பார்கள். காத்திருக்கவில்லை. குடும்பங்கள் சில நேரம் வரி ஆலோசகர் கண்ணைக் கசக்கும் முடிவுகளையும் எடுக்கின்றன.

நம்பிக்கை: செல்டிக்ஸ் வரிச்சுமை தாங்காமல்தான் விற்கப்பட்டது.

இங்கே குழப்பம் வேறு. செல்டிக்ஸ் விற்பனையில் அதிகம் பேசப்பட்ட 'ஆடம்பர வரி' அரசாங்கத்தின் வரியே அல்ல. சம்பளச் செலவு வரம்பைத் தாண்டும் அணியிடம் என்.பி.ஏ. லீக் வசூலிக்கும் அபராதம் அது. வரம்புக்குள் இருக்கும் அணிகளுக்கும் அதிலிருந்து பங்கு போகும். 2023இல் வந்த தொழிலாளர் ஒப்பந்தம் அதன் பல்லைக் கூர்மையாக்கியது. அப்போதிருந்த ஆட்டக்காரர்களை அப்படியே வைத்திருந்தால் 2025-26 பருவத்தில் சம்பளமும் அபராதமும் சேர்ந்து 50 கோடி டாலரைத் தொடும் என்று கணித்தார்கள். எந்த நாடாளுமன்றமும் இதை நிறைவேற்றவில்லை. லீகின் உள்விதி ஓர் உரிமையாளரை யோசிக்கவைக்கும் அளவுக்கு, வாஷிங்டனின் வரிச்சட்டம் யோசிக்கவைப்பதில்லை என்பது என் எண்ணம்.

நம்பிக்கை: மாநில அரசின் புது வரிதான் சியாட்டில் சீஹாக்ஸின் விதியை எழுதும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன் 1997இல் இந்த அணியை 19.4 கோடி டாலருக்கு வாங்கினார். 2018 அக்டோபரில் இறந்தார். சொத்துகளை அவர் சகோதரி ஜோடி ஆலன் அறங்காவலராக நிர்வகிக்கிறார். வாஷிங்டன் மாநிலத்தில் வருமான வரியே கிடையாது என்பது நெடுங்காலப் பெருமையாக இருந்தது. 2022இல் மூலதன ஆதாயத்துக்கு 7 சதவீத வரி வந்தது. 2025 முதல், பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு அது 9.9 ஆனது. 'ஆயிரம் கோடி அணிக்குப் பத்துச் சதவீத வரியா' என்று உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

யார் வரி கட்டுகிறார்கள் என்பதைப் பார்க்காத கணக்கு இது. ஆலன் விருப்பப்படி அணிகள் விற்கப்பட்டு, பணம் அறப்பணிகளுக்குப் போக வேண்டும். 2018வரை ஏறிய மதிப்பு புதிய அடக்கவிலையில் கரைந்துவிட்டது. அதன் பிறகு ஏறியதிலும், அறக்கொடைக்கு ஒதுக்கப்படும் பகுதிக்குக் கழிவு கோர வழி உண்டு. ஆகவே உயிரோடிருக்கும் ஒரு கோடீஸ்வரர் விற்றால் எவ்வளவு வரி என்ற கேள்வியை இந்த விற்பனையின் மீது வைப்பதில் பொருளில்லை.

சீஹாக்ஸ் விற்பனையைத் தள்ளிப்போட உண்மையில் காரணம் தந்த ஒன்று இருந்தது. 1997இல் பொதுப்பணத்தில் மைதானம் கட்ட ஒப்புக்கொண்டபோது மாநிலம் ஒரு நிபந்தனை போட்டது: 2024 மே மாதத்துக்கு முன் அணியை விற்றால் விலையில் 10 சதவீதம் மாநிலத்துக்கு. இதையும் பலர் வரி என்றே எழுதினார்கள். அது வரியல்ல, கொடுத்த காசுக்கு மாநிலம் கேட்டு வாங்கிய பங்கு. ஆதாயத்தில் அல்ல, விற்ற தொகை முழுவதிலும் 10 சதவீதம். அறக்கட்டளைக்குப் போகும் பணம் என்று சொல்லித் தப்பவும் முடியாது. காலக்கெடு முடிந்தும் சீஹாக்ஸ் அடுத்த வாரமே விலைக்கு வந்துவிடவில்லை. ஆலனின் கூடைப்பந்து அணியான போர்ட்லண்ட் டிரெயில் பிளேசர்ஸ்தான் 2025இல் முதலில் விற்பனைக்கு வந்தது.

நம்பிக்கை: தேய்மானச் சலுகையை வெட்டினால் அணிகளின் விலை சரியும்.

அணிக்குக் கொடுத்த விலையை ஆட்டக்காரர்களின் தேய்மானமாக எழுதி வருமானத்திலிருந்து கழிக்கும் உத்தியைப் பரப்பியவர் என்று பேஸ்பால் உரிமையாளர் பில் வீக்குக்குப் பேர். 1976இல் அதற்குக் கடிவாளம் போட்டார்கள். 2004இல் சட்டம் மாறி, ஆட்டக்காரர் ஒப்பந்தம், லீகில் இடம், ஒளிபரப்பு உரிமை என எல்லாவற்றையும் சேர்த்து 15 ஆண்டுகளில் முழுவதும் கழித்துக்கொள்ள வழி திறந்தது. 200 கோடி டாலருக்கு 2014இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் கூடைப்பந்து அணியை வாங்கிய ஸ்டீவ் பால்மர் ஏறக்குறைய முழு விலையையும் இப்படிக் கழித்தால் ஆண்டுக்கு 13 கோடி. உச்ச விகிதத்தில் மிச்சமாகும் வரி சுமார் 5 கோடி. 2018இல் 65 கோடி டாலர் வருமானத்துக்கு அவர் கட்டிய கூட்டாட்சி வருமான வரி 12 சதவீதம் என்றும், அதே நகரில் ஆடிய லெப்ரான் ஜேம்ஸ் கட்டியது 35.9 சதவீதம் என்றும் ப்ரோபப்ளிகா செய்தி நிறுவனம் 2021இல் வெளியிட்டது. கோபப்படக் காரணம் இருக்கிறது.

ஆனால் கழித்த தொகை காற்றில் போவதில்லை. கழிக்கக் கழிக்க அடக்கவிலை குறையும். விற்கும் நாளில் அந்தப் பகுதி சாதாரண வருமான விகிதத்தில் திரும்பி வரும். ஆகவே பல ஆண்டு தேய்மானம் எழுதிய உரிமையாளருக்கு விற்பது மேலும் கசக்கும். இறக்கும்வரை வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து அழிந்துபோகும். நிர்வாகத்தில் நேரடியாக ஈடுபடாத பங்குதாரர் இந்த நஷ்டத்தை மற்ற வருமானத்தோடு எளிதில் ஈடுகட்டவும் முடியாது.

விலை சரியுமா என்பதற்கு 2025 ஒரு பதில் தந்தது. மே மாதம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய வரி மசோதா, புதிதாக வாங்கப்படும் அணிகளுக்கு இந்தக் கழிவைப் பாதியாக்கியது. ஜூலை 4இல் கையெழுத்தானபோது அந்தப் பிரிவு சட்டத்தில் இல்லை. இடைப்பட்ட ஜூன் மாதத்தில்தான், ஏறக்குறைய 1,000 கோடி டாலர் மதிப்பில் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியை வாங்க மார்க் வால்டர் ஒப்புக்கொண்டார். 1979இல் ஜெர்ரி பஸ் அந்த அணியை, ஐஸ் ஹாக்கி அணி, அரங்கம், பண்ணை எல்லாவற்றோடும் சேர்த்து 6.75 கோடிக்கு வாங்கியிருந்தார்.

வரி எதைத்தான் மாற்றுகிறது? விற்பனையின் உருவத்தை. ட்ரிப்யூன் நிறுவனம் 1981இல் 2.05 கோடி டாலருக்கு வாங்கிய சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியை 2009இல் ரிக்கெட்ஸ் குடும்பத்துக்கு 84.5 கோடி மதிப்பில் கொடுத்தபோது, அதை விற்பனை என்றே எழுதவில்லை. இருவரும் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனம். அது முதன்மைக் கடன், துணைக்கடன் என இரண்டு வகையாகக் கடன் வாங்கி ட்ரிப்யூனுக்குப் பணம் கொடுத்தது. ட்ரிப்யூன் 5 சதவீதப் பங்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டது. ஆதாய வரியை ஒத்திப்போடவே இந்த ஏற்பாடு. வருமான வரித்துறை ஏற்கவில்லை. எஞ்சிய 5 சதவீதத்தை ரிக்கெட்ஸ் குடும்பம் 2019இல் வாங்கிக்கொண்டது. முதன்மைக் கடன் உண்மையான கடன்தான், துணைக்கடன் கடனே அல்ல என்று வரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021இல். அதற்குள் கப்ஸ் கைமாறிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.